கூடி வந்த பதினொரு பை

காலை எட்டு மணிக்கே ஏழு லாரிகள் எட்டயபுரம் ரோட்டில் வரிசை கட்டி நின்றுவிட்டன. லாரி வந்துவிட்டது, சுமை ஏற்றும் ஆட்கள் வந்துவிட்டார்கள், குடோனில் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் கூரை முட்ட அடுக்கிக் கிடக்கின்றன. வராதது ஒன்றே ஒன்றுதான். உமாராணியின் கம்ப்யூட்டரிலிருந்து வரவேண்டிய பட்டியல். அவள் திரையிலோ ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது பாட்டுக்குச் சுற்றும். அதற்கென்ன, காலா வலிக்கப்போகிறது?

கோவில்பட்டியில் கரிசல் உழவர் நிறுவனம் என்று சொன்னால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுவந்து விட்டுவிடுவார். நூற்றுப் பதினான்கு ஊர்கள், ஒன்பதாயிரத்து நானூறு உறுப்பினர்கள், அத்தனை பேரும் வானம் பார்த்து விதைக்கிறவர்கள். புரட்டாசி கடைசியில் உறுப்பினர்களுக்கு விதை போகும். எந்த ஊரில் யாருக்கு என்ன விதை, எத்தனை பை என்று கிராமவாரிப் பட்டியல் ஒன்று கம்ப்யூட்டரில் எடுப்பார்கள். அதைப் பார்த்துத்தான் இங்கே பை ஏறும், அதைப் பார்த்துத்தான் ஊரில் பை இறங்கும். பட்டியல் இல்லாமல் லாரி கிளம்பினால் சந்தைக்கு வழி தெரியாமல் போன மாட்டு வண்டி மாதிரிதான்.

அந்தப் பட்டியலை உருவாக்கியவள் உமாராணி. நாலு வருஷத்துக்கு முன்னால், நிறுவனத்தில் அறுநூறு பேர் மட்டும் இருந்தபோது, தானே உட்கார்ந்து எழுதினாள். அன்றைக்கு நாலே விநாடியில் வந்தது. அதற்கு ஒரு கேக் வெட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் மூன்று நிமிஷம் ஆனது, போன வருஷம் பன்னிரண்டு. அப்போதே யோசித்திருக்க வேண்டும். "சர்வர் ஸ்லோ" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். இந்த வருஷம் ஐம்பது நிமிஷம் ஓடுகிறது, அப்புறம் நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு வரியை எழுதிவிட்டு மண்டையைப் போட்டுவிடுகிறது. நேற்று மதியத்திலிருந்து இதே கூத்து.

வேறு நாளாக இருந்தால் பரவாயில்லை, நாளைக்கு ஆகட்டும் என்று விட்டுவிடலாம். நாளை மறுநாள் கனமழை என்று எல்லார் செல்போனிலும் வந்துவிட்டது. கரிசல் மண்ணைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மழைக்கு முன்னால் புழுதியிலேயே விதையைப் போட்டுவிட்டால், விழுகிற முதல் மழை முழுக்க அந்த விதைக்குத்தான். மழைக்கு அப்புறம் என்றால் மண் களியாகிவிடும், வைத்த காலை எடுக்க முடியாது, டிராக்டர் இறங்காது. பத்து நாள் கரையில் நின்று வேடிக்கைதான் பார்க்கலாம். பத்து நாள் போனால் பருவத்தில் பாதி போச்சு. ஆகவே விதை இன்றைக்கு ஊர் போய்ச் சேர வேண்டும், நாளைக்கு மண்ணுக்குள் போக வேண்டும்.

மேலாளர் ஜெயகிருஷ்ணன் மூன்றாவது தடவையாக வந்து நின்றார். மனிதர் சத்தம் போடுகிறவர் இல்லை. சத்தம் போட்டிருந்தால்கூட உமாராணிக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

"பன்னெண்டு மணி வரைக்கும் பாருங்க உமா. அதுக்குள்ள வரலன்னா போன வருசப் பட்டியல வச்சு ஏத்தி அனுப்பிருவோம்."

"சார், புதுசா சேர்ந்த எழுநூறு பேரு அதுல இல்லையே சார்."

"தெரியும்மா. அவியளுக்கு மழைக்குப் பொறவுதான். வேற என்ன செய்யச் சொல்லுதீங்க?"

அவர் போய்விட்டார். எழுநூறு பேர். அத்தனை பேரும் இந்த வருஷம்தான் முதல் முறையாக நம்பி வந்து கையெழுத்துப் போட்டவர்கள்.

மனுஷி என்னதான் செய்யவில்லை? கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். வைஃபையை விட்டுவிட்டுச் செல்போன் நெட்டில் ஓட்டினாள். திறந்து கிடந்ததையெல்லாம் மூடினாள். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒரு பையன் மிக மரியாதையாகப் பேசினான். சர்வரைப் பெரிதாக்க வேண்டும் மேடம், புகார் பதிந்தாகிவிட்டது மேடம், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் வரும் மேடம். உமாராணி போனை வைத்துவிட்டு அவனுக்குக் கொடுத்த ஆசீர்வாதத்தை இங்கே எழுத முடியாது.

எதிர் மேஜையில் சந்தனமாரி உட்கார்ந்திருந்தாள். கழுகுமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், உமாராணியைவிட ஏழெட்டு வயது மூத்தவள். எந்த விதை வேண்டும் என்று ஊர்களிலிருந்து வருகிற விருப்பப் படிவங்களைக் கம்ப்யூட்டரில் அடிப்பதும், வருகிற போனுக்கெல்லாம் பதில் சொல்வதும் அவள் வேலை. காலையிலிருந்து அவள் போன் ஓயவில்லை. "கெளம்பிரும் அண்ணாச்சி, இந்தா கெளம்பிரும்" என்று முப்பது பேருக்காவது சொல்லியிருப்பாள்.

"ஏட்டி உமா, ஒண்ணு கேக்குதேன், கோவப்படாத."

"கேளுங்கக்கா."

"எல்லா ஊருக்குமே நிக்குதா, இல்ல ஏதோ ஒரு ஊருல போய் நிக்குதா?"

இது ஒரு கேள்வியா என்று உமாராணிக்கு எரிச்சல் வந்தது. அடுத்த கணமே இதை ஏன் நான் நேற்றே கேட்கவில்லை என்று வந்தது. மொத்தமாக ஓட்டினால் மொத்தமாகத்தானே செத்துப்போகும்?

ஊர் ஊராக ஓட்டினாள். கழுகுமலைப் பக்கத்து ஊர்கள் இரண்டு விநாடி, மூன்று விநாடி. எட்டயபுரம் பக்கம் ஐந்து விநாடி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாகலாபுரம் பக்கம் வந்தபோதுதான் இழுக்க ஆரம்பித்தது. ஒரு ஊருக்கு ஒரு நிமிஷம், அடுத்ததற்கு நாலு நிமிஷம். சின்னையாபுரம் என்று போட்டதும் வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"நானூத்திப் பன்னெண்டு பேருதானக்கா இந்த ஊருல. இதுக்கு ஏன் இப்படி முக்குது?"

"அங்கன எல்லாருக்கும் ஒரே பேருல்லாட்டி" என்றாள் சந்தனமாரி, வேறொரு போனை எடுத்துக்கொண்டே. "குலசாமி பேரத்தான் தலைச்சன் பிள்ளைக்கு வப்பாவ. ஆம்பளைன்னா சுடலைமாடன், பூவனலிங்கம். பொம்பளைன்னா வெள்ளைத்தாய். நான் அடிச்சு அடிச்சு அலுத்துப்போனவ."

பட்டியல் எடுக்கத் தான் எழுதியதை உமாராணி திறந்து பார்த்தாள். நாலு வருஷத்தில் இப்போதுதான் ஒழுங்காகத் திறந்து பார்க்கிறாள்.

உறுப்பினர் பதிவேடு ஒரு பக்கம், விருப்பப் படிவங்கள் ஒரு பக்கம். இந்த ஆளுடைய படிவம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் வருஷம் படிவத்தில் உறுப்பினர் எண் என்று ஒரு கட்டமே கிடையாது. யாருக்கும் தன் எண் நினைவிலும் இருக்காது. அதனால் ஊர், பேர், தகப்பன் அல்லது வீட்டுக்காரர் பேர், இந்த மூன்றும் ஒத்துப்போனால் அவர்தான் இவர் என்று எழுதிவைத்தாள். உலகத்தில் வேறு எங்கேயாவது இது ஓடியிருக்கலாம். பூவனலிங்கம் மகன் சுடலைமாடன் ஒரே ஊரில் இருபத்தாறு பேர் இருக்கிற இந்தச் சீமையில், இருபத்தாறு ஆளுக்கு எதிரே இருபத்தாறு படிவமும் ஒத்துப்போகும். அது போதாது என்று அவள் மூன்றாவதாக வயல் பதிவையும் அதே மாதிரிப் பேரை வைத்தே கோர்த்துவிட்டிருந்தாள். நிலம் உண்டா என்று சரிபார்க்கவாம்! இந்த வருஷத்திலிருந்து களப் பணியாளர்கள் வயலுக்குப் போகும்போதெல்லாம் செல்போனில் ஒரு பதிவு போடுகிறார்கள், ஆளுக்கு இருபத்தைந்து இருக்கும், இருபத்தாறு பேருக்கு அறுநூற்றைம்பது.

உமாராணி ஒரு துண்டுக் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தாள். இருபத்தாறு பெருக்கல் இருபத்தாறு, அது பெருக்கல் அறுநூற்றைம்பது. நான்கு லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நானூறு வரி. இருபத்தாறு சுடலைமாடன்களுக்கு! பாவம் அந்த சர்வர், ஒவ்வொரு சுடலைமாடனையும் இழுத்துப் பிடித்து, நீதானா, நீதானா என்று நாலரை லட்சம் தடவை கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே மாதிரி வரிகளையெல்லாம் கழித்துப் போட்டுச் சுத்தமான பட்டியலாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரே மாதிரி வந்தால் ஒன்றை மட்டும் வை என்று அவள்தான் கடைசி வரியில் எழுதியிருந்தாள். பட்டியல் பார்க்க அழகாக இருந்ததால் உள்ளே நடக்கிற அக்கிரமம் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"யக்கா, தப்பு என்மேலதான்க்கா" என்றாள். "சர்வரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் பேரை வச்சுக் கோத்திருக்கேன். நம்பரை வச்சுக் கோத்திருக்கணும். படிவத்துல நம்பரே இல்லாம இப்ப நான் எங்க போவேன்?"

சந்தனமாரி போனைக் காதிலிருந்து எடுத்தாள். "நம்பரா? உறுப்பினர் நம்பரா? அதான் அடிச்சிருக்கேனே."

"எங்க?"

"நீதானட்டி எனக்கு ஒரு கட்டம் போட்டுக் குடுத்த. ரெண்டாவது வருசம். நான் கெஞ்சிக் கேட்டேன், நீ எதுக்குக்கா இதெல்லாம்னு மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போட்டுக் குடுத்த, மறந்துட்டியா?"

உமாராணி மறந்துதான் போயிருந்தாள். படிவங்கள் இருக்கும் அட்டவணையைத் திறந்தாள். வலது ஓரத்தில், அவளுடைய பட்டியல் ஒரு நாளும் எட்டிப் பார்க்காத ஓரத்தில், உறுப்பினர் எண். அந்தக் கட்டம் வந்த பிறகு காலியாக எத்தனை இருக்கிறது என்று கேட்டாள். பூஜ்யம் என்று வந்தது. நம்பாமல் இன்னொரு தடவை கேட்டாள். பூஜ்யம். நாலு வருஷத்துப் படிவங்கள், முப்பதாயிரத்துக்கு மேல். ஒன்றுகூடக் காலி இல்லை.

"அக்கா... இதை எப்படிக்கா கண்டுபிடிச்சு அடிச்சீங்க? ஆளுக்கே தெரியாதே."

"ரெண்டு பேரு ஒரே மாதிரி வந்தா போன் போட்டுக் கேப்பேன். போன் எடுக்கலன்னா ஊருல பக்கத்து வீட்டுக்குப் போடுவேன். எந்த சுடலைமாடன், கோயில் பக்கத்து வீடா, கிணத்து வீடான்னு. அவியளுக்கு அதெல்லாம் குழப்பமே கெடையாது, கம்ப்யூட்டருக்குத்தான் குழப்பம். நாளைக்கு யாராச்சும் கேட்டா வேணும்லாட்டி. அதான்."

யாரும் கேட்கவில்லை. நாலு வருஷமாக ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காத ஒன்றுக்காக இந்தப் பொம்பளை முப்பதாயிரம் தடவை பதிவேட்டைப் புரட்டியிருக்கிறாள். உமாராணி எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டாள். "ஏ, விடுட்டி, போன்ல ஆளு இருக்கு" என்று சந்தனமாரி கத்தினாள்.

அப்புறம் வேலை கால் மணி நேரம்கூட இல்லை. பேரையும் தகப்பன் பேரையும் எடுத்துவிட்டு எண்ணை எண்ணோடு கோர்த்தாள். வயல் பதிவைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். விதைப் பட்டியலுக்கு அது தேவையே இல்லை. ஒரே மாதிரி வந்தால் கழி என்கிற வரியையும் எடுத்தாள். ஓட்டினாள். வட்டம் வந்தது. சந்தனமாரி நாற்காலியோடு நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஒன்பதாவது விநாடியில் நூற்றுப் பதினான்கு ஊரும் வந்து விழுந்தது.

"அம்மாடி!" என்றாள் சந்தனமாரி.

குதிக்க வேண்டியதுதானே? உமாராணி குதிக்கவில்லை. அவசரத்தில் ஒரு தடவை பட்ட பாடு போதும் என்று பட்டது. போன வருஷத்தை இதே மாதிரி ஓட்டிப் பார்ப்போம், போன வருஷம் அச்சடித்த பட்டியல் பீரோவில் இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகிறதா பார்ப்போம் என்று நினைத்தாள். ஓட்டினாள். ஒத்துப்போகவில்லை. புதியதில் பதினொரு பை கூடுதலாக வந்தது.

மணி பதினொன்று இருபது. புதிது தப்பா, பழசு தப்பா? புதிது தப்பென்றால் இதை நம்பி ஏழு லாரியையும் அனுப்ப முடியாது. அந்தப் பதினொரு பைக்கும் உரியவர்கள் யார் என்று பிரித்துப் பார்த்தாள். பதினொரு ஆட்கள். ஒவ்வொருத்தரும் வேறொருத்தருக்கு அச்சாக இருந்தார்கள். அதே ஊர், அதே பேர், அதே தகப்பன் அல்லது வீட்டுக்காரர் பேர், அதே பயிர், சென்ட் பிசகாமல் அதே அளவு நிலம். எண் மட்டும்தான் வேறு. ஒரே மாதிரி வந்தால் ஒன்றை மட்டும் வை என்று எழுதினாளே, அந்த வரி இவர்களை விழுங்கியிருக்கிறது.

குடோனுக்கு ஓடினாள். குடோனைப் பார்த்துக்கொள்ளும் காசிராஜன் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து பீடிக்கு நெருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, போன வருசம் விதையெல்லாம் போனப் பொறவு ஏதும் மிஞ்சிச்சா?"

"ஏன், இப்ப அதுக்கு விசாரணையா? பதினொரு பை மிஞ்சிச்சு. அதுக்கு முந்துன வருசம் ஒம்பது. எண்ணத் தெரியாதவன்னு என்னைய மீட்டிங்குல வச்சு வாங்குனாவளே, நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க."

இருந்தாள். சிரிக்கவும் சிரித்தாள். உறுப்பினர் பதிவேட்டை வைத்து வாங்கின விதை சரியாக இருந்தது. அவளுடைய பட்டியலை வைத்துக் கொடுத்த விதைதான் குறைந்தது. இடையில் இந்த மனுஷன் நாலு வருஷமாக எண்ணத் தெரியாதவர்.

"நீங்க சரியாத்தான் அண்ணாச்சி எண்ணிருக்கீங்க. நான்தான் தப்பு. சார்கிட்டயும் சொல்லுதேன், எல்லார் முன்னாலயும் சொல்லுதேன்."

காசிராஜன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு அவளையே பார்த்தார்.

வாசலில் தங்கப்பாண்டி லாரிக்குக் கீழே டயரைத் தட்டிக்கொண்டிருந்தார். நாகலாபுரம் பக்கத்துக்கு நாலு வருஷமாக விதை கொண்டுபோகிற டிரைவர் அவர்தான். பதினொன்றில் ஒரு பேரை உமாராணி அவரிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, சின்னையாபுரத்துல வெள்ளைத்தாய், வீட்டுக்காரர் பூவனலிங்கம். எத்தன பேரு?"

"ரெண்டு பேரு. மச்சுவீட்டு வெள்ளைத்தாய், ஆட்டுக்கார வெள்ளைத்தாய். பக்கத்துப் பக்கத்து வயலு. அவிய மாமனாருமாரு மூணு ஏக்கராவ ஒரு ஆளுகிட்ட இருந்து சரிபாதியா வாங்குனாவ."

"எத்தன பை எறக்குவீங்க?"

"ஒண்ணுதான். பட்டியல்ல ஒண்ணுதான போட்டிருக்கு. மொத வருசம் பேரு வாசிச்சேன், ரெண்டு பேரும் வந்தாவ. ஒன்னோடதா என்னோடதான்னு ரெண்டு பேரும் முழிச்சாவ. பொறவு அங்கனயே சாக்கைப் பிரிச்சு ஆளுக்குப் பாதியா அள்ளிக்கிட்டாவ. வருசா வருசம் அப்படித்தான்."

"ஏன் அண்ணாச்சி எங்கிட்டச் சொல்லல?"

"சண்ட போட்டிருந்தா சொல்லிருப்பேம்மா. சிரிச்சுக்கிட்டுல்லா பிரிச்சாவ."

உமாராணி நேரே ஜெயகிருஷ்ணன் அறைக்குப் போனாள். ஒன்று விடாமல் சொன்னாள். சர்வர் மேல் தப்பில்லை, காசிராஜன் அண்ணாச்சி மேல் தப்பில்லை, தப்பெல்லாம் நான் எழுதியது, நாலு வருஷமாக ஆட்களை விட்டிருக்கிறேன், சந்தனமாரி அக்கா அடித்த நம்பர்தான் காப்பாற்றியது என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மணி என்ன?"

"பன்னெண்டு ஆகப் பத்து நிமிசம் சார்."

"அப்ப ஏன் இங்கன நிக்கீங்க? ஏத்தச் சொல்லுங்க." அவள் திரும்பியபோது பின்னாலிருந்து சொன்னார். "உமா, வந்து சொன்னீங்க பாத்தீங்களா, அது பெரிசு. காசிராஜன்கிட்ட நானும் சொல்லணும். அந்த மீட்டிங்குல நாந்தான வாங்குனேன்."

அழுகை வந்துவிட்டது அவளுக்கு. வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். திட்டுவாங்குவதற்கு மனசைத் தயார் செய்துகொண்டு போனவர்களுக்குத் தெரியும், திட்டு விழாவிட்டால் எப்படி இருக்கும் என்று.

ஒரு மணிக்கு ஏழு லாரியும் கிளம்பின. புதிதாகச் சேர்ந்த எழுநூறு பேரும் பட்டியலில் இருந்தார்கள். அந்தப் பதினொன்றில் மற்றப் பத்துப் பேருக்கும் சந்தனமாரி போன் போட்டுச் சொன்னாள். அதில் இரண்டு பேரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதை அவள் அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னாள். சின்னையாபுரத்துக்கு மட்டும் நானே போகிறேன் என்று உமாராணி தங்கப்பாண்டியின் லாரியில் ஏறி உட்கார்ந்தாள்.

வழியெல்லாம் இரண்டு பக்கமும் உழுது போட்ட கறுப்பு மண், விதைக்காகக் காத்துக் கிடக்கிறது. தெற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. ஊர் ஊராக இறக்கிவிட்டுச் சின்னையாபுரம் போய்ச் சேர மணி நாலு. பள்ளிக்கூடத்து வாசலில் லாரியை நிறுத்தி, உமாராணி பட்டியலை வாசித்தாள். அந்தப் பேர் வந்ததும் நிமிர்ந்தாள்.

"வெள்ளைத்தாய், வீட்டுக்காரர் பூவனலிங்கம்."

இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். ஒருத்தி மஞ்சள் சேலை, கழுத்தில் தடித்த சங்கிலி. இன்னொருத்தி தலையில் துண்டு, கையில் தொரட்டிக் கம்பு, ஆடுகளை யாரிடமோ விட்டுவிட்டு ஓடிவந்த மூச்சு. வந்ததும் மச்சுவீட்டுக்காரி முந்தானையை விரித்தாள். பாதியை வாங்கிக்கொள்ளத்தான்.

உமாராணி இரண்டு பைகளை இறக்கச் சொன்னாள். இருவரும் பயந்துபோனார்கள்.

"ஒண்ணுதானம்மா எங்களுக்கு. கணக்கு மாறிப்போச்சோ?" என்றாள் ஆட்டுக்காரி.

"இல்லம்மா. எப்பவுமே ரெண்டுதான். ஒங்களோடது ஒண்ணு, அவியளோடது ஒண்ணு. நாலு வருசமா பேரு ஒண்ணா இருந்ததால கம்ப்யூட்டர் ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னு நெனச்சுருச்சு. கம்ப்யூட்டர் இல்ல, நான். நான்தான் தப்பா எழுதிட்டேன். என்னைய மன்னிச்சிருங்க."

மச்சுவீட்டு வெள்ளைத்தாய்தான் முதலில் வாயைத் திறந்தாள், ஆனால் உமாராணியைப் பார்த்து அல்ல.

"ஏட்டி, அப்ப நீ எனக்குத் தந்த பாதி?"

"நான் எங்க தந்தேன்? நீதான எனக்குத் தந்த?"

"நானா? நான் மொத வருசம் பொதுக்கூட்டத்துக்குப் போகல. என் பேர அடிச்சு எடுத்துட்டாவ, வந்தது உன் பைதான்னுல்லா நெனச்சேன்."

"எம் பட்டா மாமனார் பேருலேயே கெடக்கு. எனக்கு எங்க தரப்போறாவன்னு நெனச்சேன். நீ பெரிய மனசு பண்ணி ஒன்னோடதுல பாதியத் தாரன்னு நெனச்சேன். ஆபீஸ்ல கேட்டா ஒனக்கும் இல்லாமப் போயிருமோன்னு மூச்சு விடல."

"நானும் அதுக்குத்தான் கேக்கல!"

உமாராணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தங்கப்பாண்டி மூட்டையைத் தோளில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

"அதான் நீ வருசா வருசம் என் வயலுல சும்மா கிடை போட்டியா?" என்றாள் மச்சுவீட்டுக்காரி. கோடையில் ஆட்டை வயலில் அடைத்து வைத்து உரம் சேர்ப்பதற்கு எல்லாரும் காசு கொடுப்பார்கள். "காசு நீட்டுனா வேண்டாம் வேண்டாம்னு ஓடுவியே."

"விதை தாரவகிட்ட காசு வாங்குவனா? நீயுந்தான டிராக்டர் விட்டா என் வயலையும் சேத்து உழுதுட்டுப் போவ. கேட்டா, திரும்பச் சிரமமா இருக்குன்னு பொய் சொல்லுவ."

அவ்வளவுதான், இருவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மச்சுவீட்டுக்காரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. சுற்றி நின்றவர்களுக்குப் பாதி புரிந்தது, அவர்களும் சிரித்தார்கள். சிரிக்காதவள் உமாராணி மட்டும்தான்.

"அரை விதைய வச்சு நாலு வருசம் வெள்ளாம பாத்திருக்கீங்க" என்றாள். "நெனச்சா எனக்கு ஆறல. என்னைய ஏசுங்க, பரவால்ல."

ஆட்டுக்கார வெள்ளைத்தாய் தொரட்டியைக் கீழே வைத்தாள். "மீதிக்கு வீட்டு விதையப் போட்டோம், முளைக்காமயா போச்சு? இங்க பாரு தாயி. நாலு வருசமும் மொதக் கை விதை விதைக்கையில இவ வயலப் பாத்துக் கும்பிட்டுட்டுத்தான் விதைச்சிருக்கேன். இப்ப அது எம் பைதான்னு நீ சொல்லுத. சரி, இருந்துட்டுப் போகட்டும். கும்பிட்டதத் திரும்ப வாங்க முடியுமா? இந்த வருசமும் கும்பிட்டுட்டுத்தான் விதைப்பேன்."

மச்சுவீட்டுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காலையிலிருந்து உமாராணியை ஒருத்தரும் ஏசவில்லை. அவள் செய்த தப்பைச் சந்தனமாரி எண்ணால் தாங்கியிருக்கிறாள், காசிராஜன் கெட்ட பேரால் தாங்கியிருக்கிறார், இந்த இரண்டு பேரும் பாதிப் பாதி விதையால் தாங்கியிருக்கிறார்கள். தாங்குகிறோம் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அவள் பட்டியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு வெள்ளைத்தாயையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எங்கள எதுக்கும்மா கும்பிடுத?" என்றாள் மச்சுவீட்டுக்காரி, பையைத் தூக்கி மற்றவள் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டே. "மேகத்தப் பாத்தியா, நாளைக்கு வரைக்கும் தாங்காது போலிருக்கு. லாரிய எடுக்கச் சொல்லு, இன்னும் எத்தன ஊரு கெடக்கு?"